படம் எடுக்கிற கைக்கும் படிப்பு வேண்டும்

வெளியே சொல்ல வெட்கப்படுகிற வியாதிகள் நம் வீட்டுப் பெண்களுக்கு நிறைய உண்டு. தலைவலி என்றால் நாலு பேரிடம் சொல்வோம். முழங்கால் வலி என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம்கூடச் சொல்லித் தைலம் விசாரிப்போம். ஆனால் வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்றால்? பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்ல மாட்டோம்.

என் மாமியார் அப்படித்தான் சொல்லாமல் இருந்தார். இத்தனைக்கும் அவர் பெற்ற பெண், அதாவது என் நாத்தனார், இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரேடியோகிராபர். மற்றவர்களுடைய பெருங்குடலைப் படம் எடுப்பதுதான் அவளுக்கு வேலையே!

இது நடந்தது 2009-ம் வருஷம். நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். அத்தைக்கு அப்போது 64 வயது. ஒருநாள் துணி துவைக்கும்போது அவருடைய உள்பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லம்மா, மூலச்சூடு. கருணைக்கிழங்கு வாங்கி மசியல் பண்ணு, சரியாப் போயிடும்" என்றார்.

கருணைக்கிழங்கும் மசித்தேன், மோரில் வெந்தயமும் ஊறப்போட்டேன். ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லை. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, எங்கள் லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மூலமாகவும் இருக்கலாம். ஆனா இந்த வயசில உள்ளே பார்க்காம மூலம்னு சொல்லக் கூடாது. பேரியம் எனிமா எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

மேஜை மேலே நடந்தது

பக்கத்து ஊரில் ஓர் எக்ஸ்ரே நிலையத்துக்குப் போனோம். முதல் நாளே ஒரு காகிதம் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து "ராத்திரி போட்டுக்குங்க" என்றார்கள். அவ்வளவுதான். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அத்தை வழக்கம் போல ராத்திரி கீரையும் சாதமும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக் கொண்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் அத்தையை உள்ளே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும், ஒரு பையன். "ஏறிப் படும்மா, அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றானே தவிர, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவுகூடச் சரியாகச் சாத்தவில்லையாம். குழாயை வைத்து மருந்தை விட்டதும் அத்தையால் அடக்க முடியவில்லை. மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. "என்னம்மா இது, அடக்கிக்கத் தெரியாதா?" என்று கத்தியிருக்கிறான்.

பேரன் பேத்தி எடுத்த பெண்மணி, புடவையைச் சுருட்டிப் பிடித்துக் கொண்டு வெளியே வந்த கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ரிப்போர்ட் வந்தது. "குடல் சுத்தமாக இல்லாததால் படம் தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று எழுதியிருந்தது.

"செத்தாலும் சாவேனே தவிர, இனிமே அந்த மேஜை மேல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அன்று ராத்திரி நாத்தனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு வரிசையாகக் கேள்வி கேட்டாள். "முதல் நாள் என்ன அண்ணி சாப்பிட்டாங்க? தண்ணி எவ்வளவு குடிச்சாங்க? குழாய் வைக்கறதுக்கு முன்னால டாக்டர் பார்த்தாரா? காற்று விட்டாங்களா? அம்மாவை எத்தனை தடவை புரண்டு படுக்கச் சொன்னாங்க?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தேன். அவள் சொன்னாள்: "அவன் மேல மட்டும் கோபப்படாதீங்க அண்ணி. அவனுக்கு யார் கத்துக் கொடுத்தாங்க? எக்ஸ்ரே படிச்சு முடிச்சுப் பல வருஷம் வேலை பார்த்த எனக்கே இந்த ஒரு பரிசோதனையைக் கத்துக்க மாசக்கணக்கா ஆச்சு."

ஒரு மாத லீவு போட்டுவிட்டு அடுத்த வாரமே கிளம்பி வந்துவிட்டாள். அவள் அடுக்களையில் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொண்டே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ வரை படித்த எனக்கே புரிந்தது என்றால், உங்களுக்கும் புரியும்.

பேரியம் என்பது என்ன?

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு அதில் பளிச்சென்று தெரியும். குடல் மெத்தென்ற சதை; அது தனியாகத் தெரியாது. அதனால் எக்ஸ்ரே ஊடுருவ முடியாத ஏதாவது ஒன்றைக் குடலுக்குள் நிரப்பிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பிஸ்மத் உப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் சிலருக்கு விஷம் ஏறிவிட்டது. 1910-லிருந்து பேரியம் சல்பேட் வந்தது. சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். தண்ணீரில் கரையாது, உடம்பில் சேராது. போன வழியே வெளியே வந்துவிடும். இதை வாய் வழியாகக் குடித்து இரைப்பையைப் பார்க்கலாம். ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் பேரியம் எனிமா.

ஆனால் மருந்தை நிரப்பிப் பார்த்தால் மட்டும் போதாது. ஏன் என்று நாத்தனார் ஓர் உதாரணம் சொன்னாள். "அண்ணி, இந்த மாவுப் பாத்திரம் நிறைய மாவு இருக்கும்போது பாத்திரத்தோட உள்பக்கம் தெரியுமா? மாவை வேற பாத்திரத்துல ஊத்திட்டுப் பாருங்க. ஓரத்துல மெல்லிசா மாவு ஒட்டியிருக்கும். எங்கே நெளிஞ்சிருக்கு, எங்கே ஒரு பொட்டு மேடு இருக்கு, எல்லாம் தெரியும்."

அதே மாதிரிதான், பேரியத்தை விட்டு, பெரும்பகுதியை வெளியே எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்திக் குடலை உப்ப வைப்பார்கள். சுவரில் மெல்லிய வெள்ளைப் பூச்சு, நடுவில் காற்று. சின்னக் கட்டிகூட அதில் தெரியும். இந்த இரட்டை முறையை ஜெர்மனியில் ஃபிஷர் என்ற டாக்டர் 1923-ல் சொன்னார். பிறகு ஸ்வீடனில் மால்மோ நகரத்து டாக்டர்கள் இதை நன்றாகச் செம்மைப்படுத்தினார்கள்.

இதில்தான் கைத்திறமை இருக்கிறது. நம்முடைய பெருங்குடல் நேர்க் குழாய் இல்லை. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், வளைந்து நெளிந்து மேலே ஏறி, குறுக்கே போய், கீழே இறங்குகிறது. பேரியத்தை அதன் கடைசி மூலை வரை கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு மடிப்பையும் விரித்துக் காட்ட வேண்டும். நோயாளியை இடது பக்கம், குப்புற, மல்லாக்க, வலது பக்கம் என்று தோசை திருப்புகிற மாதிரி திருப்ப வேண்டும். எந்த வளைவு எந்தப் பக்கம் படுத்தால் தெரியும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். காற்று குறைந்தால் மடிப்பு விரியாது. அதிகமானால் நோயாளி துடித்துப் போவார். குடலில் ஒட்டியிருக்கிற கீரைத்துணுக்கு படத்தில் கட்டி மாதிரியே இருக்கும். நிஜக் கட்டி, பேரியக் குட்டைக்குள் மூழ்கி மறைந்தும் போகும்!

"கீரைத்துணுக்கு" என்று அவள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி பரிமாறியது நான்தானே!

டாக்டர் வேலையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

இந்தப் பரிசோதனையை வெகுகாலம் ரேடியாலஜிஸ்ட் டாக்டர்கள்தான் செய்து வந்தார்கள். ரேடியோகிராபர் பக்கத்தில் நின்று மருந்து கலக்கிக் கொடுப்பார், நோயாளியைப் பிடித்துக் கொள்வார், டாக்டர் சொன்னபோது படம் எடுப்பார். கனடாவில் ஹாமில்டன் நகரத்தில், பயிற்சி பெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்களே இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்த்து 1981-ல் எழுதினார்கள். ஆனால் இது ஒரு பெரிய ஏற்பாடாக வளர்ந்தது இங்கிலாந்தில்தான்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே இரண்டு சங்கடங்கள் சேர்ந்து வந்தன. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்று புதுப்புதுக் கருவிகள் வந்து டாக்டர்களின் நேரத்தையெல்லாம் விழுங்கின. ரேடியாலஜிஸ்டுகளோ போதவில்லை. பேரியம் எனிமாவுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது. குடலில் கட்டி இருக்கிறதா, இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பது லேசான காரியமா?

அப்போது லீட்ஸ் நகரத்து ரேடியாலஜிஸ்ட் டாக்டர்கள் சிலர், "நம் பக்கத்திலேயே நின்று நூற்றுக்கணக்கில் இதைப் பார்த்த ரேடியோகிராபர்களுக்கு முறையாகக் கற்றுக் கொடுத்தால் என்ன?" என்று ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தார்கள். அதன் அனுபவத்தை 1995-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளும் பின்பற்றின. பயிற்சி பெற்றவர்கள் எடுத்த படங்கள் டாக்டர்கள் எடுத்ததற்குக் குறைந்தவை அல்ல என்று ஆய்வுகள் காட்டின. சில வருஷங்களிலேயே அந்த நாட்டில் இது சகஜமாகிவிட்டது. என் நாத்தனார் 2003-ல் அங்கே வேலைக்குப் போனபோது, அவளுடைய ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனையைச் செய்தவர் ஒரு மூத்த ரேடியோகிராபர் அம்மாள்தான்.

எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்?

"முதல்ல குழாயைத் தொடவே விடலை அண்ணி" என்றாள் நாத்தனார்.

ஆரம்பத்தில் பாடம். குடலின் அமைப்பு, அதில் வருகிற நோய்கள், எந்த நோய் படத்தில் எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம். யாருக்குச் செய்யவே கூடாது என்று இன்னொரு பக்கம். குடலில் ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கூடாது. குடல் புண் முற்றி வயிறு வீங்கிக் கிடப்பவருக்குக் கூடாது. குடலிலிருந்து சதை எடுத்துச் சோதனை செய்து சில நாட்களே ஆகியிருந்தால் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது. பிறகு டாக்டர் தோளருகில் நிற்க, தானே செய்வது. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்த படங்களை டாக்டரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். "இந்த வளைவு விரியவில்லை, இந்த மூலை வரவில்லை" என்று ஒன்று விடாமல் சொல்வார்களாம். தேறிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தனியாகச் செய்ய அனுமதி. அதற்குப் பிறகும் படங்களின் தரத்தை அவ்வப்போது எடுத்துப் பரிசீலிப்பார்கள்.

குடல் இறுகிக் கொள்ளாமல் இருக்க ஓர் ஊசி போடுவது உண்டு. அதை யாருக்குப் போடலாம், கண் அழுத்த நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்றெல்லாம் எழுதி வைத்த விதிமுறைப்படிதான் நடக்க வேண்டும். குழாய் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். மருந்து வெளியே கொட்டாமல் இருக்க அதை ஊதுவார்கள். கவனமில்லாமல் ஊதினால் குடலே கிழிந்துவிடும். ஆகவே பலூனைப் பற்றியே தனிப் பாடம்.

இதெல்லாம் வீண் பயம் இல்லை. இங்கிலாந்தில் 1992 முதல் 1994 வரை நடந்த 7 லட்சத்து 38 ஆயிரம் பேரியம் எனிமாக்களைப் பற்றி ரேடியாலஜிஸ்டுகளிடம் விசாரித்து ஒரு கணக்கு எடுத்தார்கள். 82 பேருக்குப் பெரிய சிக்கல் வந்திருந்தது. அவர்களில் 13 பேர் இறந்துபோனார்கள். அத்தனை லட்சத்தில் இது மிகச் சிறிய எண்ணிக்கைதான். நாம் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் செய்கிறவர் பயபக்தியோடு செய்ய வேண்டிய காரியம் என்பது புரிகிறது அல்லவா?

"எல்லாத்தையும் விடப் பெரிய பாடம் எது தெரியுமா அண்ணி? எப்போ நிறுத்தணும்னு தெரியறது. நோயாளி முகம் வெளுத்தா நிறுத்தணும். குழாய் தடுக்கினா அழுத்தக் கூடாது. சந்தேகம் வந்தா டாக்டரைக் கூப்பிடணும். கூப்பிடறது கௌரவக் குறைச்சல் இல்லைன்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வெச்சாங்க."

பேசுவதற்கும் பயிற்சி உண்டாம்! அறைக்குள் வந்ததும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று ஆரம்பம் முதல் முடிவு வரை விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும். பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்றதெல்லாம் போர்வைக்குள் இருக்க வேண்டும். குழாய் வைக்கும் முன், "இப்போ சில்லுனு இருக்கும்" என்று சொல்ல வேண்டும். கழிவறை எந்தப் பக்கம் என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும். "பாதியில கொட்டிட்டா என்ன பண்றது?" என்பதுதான் எல்லாருக்கும் பெரிய பயம். "கொட்டினா நாங்க துடைச்சுக்கறோம், இது தினமும் நடக்கறதுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதிப் பேருக்குக் கொட்டாதாம். பயம்தான் குடலை முறுக்குகிறது என்றாள்.

வெள்ளைக்கார அம்மாளோ நம் ஊர் ஆச்சியோ, அந்த மேஜை மேல் எல்லாருக்கும் வெட்கம் ஒன்றுதான் போலிருக்கிறது.

இரண்டாவது தடவை

அத்தையைச் சம்மதிக்க வைப்பது அத்தனை சுலபமாக இல்லை. ஒருநாள் மத்தியானம் நாத்தனார் தன் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டே, "அம்மா, முன்னே பின்னே தெரியாத ஆயிரம் அம்மாக்களுக்கு நான் இதைச் செஞ்சிருக்கேன். அவங்கல்லாம் என்னை நம்பிப் படுத்தாங்க. நீ மட்டும் என்கிட்ட மறைச்சிட்டியே" என்றாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "எப்போன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

இந்தத் தடவை வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரி. அங்கே ரேடியாலஜிஸ்ட் ஒரு பெண் டாக்டர். "நானே செய்ய முடியாது அண்ணி, இந்த ஊர்ல எனக்கு அதுக்கு அனுமதி கிடையாது. பக்கத்துல நிக்கறேன்" என்று நாத்தனார் கேட்டுக் கொண்டதும், டாக்டரம்மா சந்தோஷமாக ஒப்புக் கொண்டார்.

இரண்டு நாள் முன்பிருந்தே அடுக்களை நாத்தனார் வசம். கீரை, காய், பழம், பருப்பு, கொட்டை எதுவும் கிடையாது. குழைந்த வெள்ளைச் சாதம், வடிகட்டிய ரசம், இட்லி. முதல் நாள் முழுக்க இளநீர், வடிகட்டிய கஞ்சித்தண்ணீர், சர்க்கரை கரைத்த எலுமிச்சைத் தண்ணீர் என்று திரவம் மட்டும். பேதி மருந்தை நேரம் பார்த்துக் கொடுத்தாள். "ஒவ்வொரு தடவை போய்ட்டு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணி" என்று அத்தையின் பின்னாலேயே சுற்றினாள்.

உள்ளே ஈய ஏப்ரனைப் போட்டுக் கொண்டு அம்மாவின் தலைமாட்டில் நின்றிருக்கிறாள். டாக்டரம்மா ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லிச் செய்தாராம். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அத்தை வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை: "இவ்வளவுதானா?"

படத்தில், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வருகிற வளைவில், ஒரு சுண்டைக்காய் அளவுக் கட்டி தெரிந்தது. திருச்சிக்கு அழைத்துப் போய்க் கொலோனாஸ்கோப்பி மூலம் அதை அகற்றினோம். சோதனைச்சாலை ரிப்போர்ட்டில், "புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடிய வகை" என்று வந்தது. முதல் தடவையோடு அத்தை முரண்டு பிடித்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இப்போது அத்தை எண்பதை எட்டிவிட்டார். கொல்லைப்புறத்து முருங்கைக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று இன்று காலைகூட என்னோடு சண்டை!

காலம் மாறிவிட்டது

நாத்தனார் கற்ற வித்தைக்கு இன்று அவளுடைய ஊரில் வேலை அநேகமாக இல்லை. சி.டி. ஸ்கேன் மூலமே பெருங்குடலைப் பார்க்கிற முறை வந்துவிட்டது. மெல்லிய குழாய் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, மல்லாக்க ஒரு தடவை, குப்புற ஒரு தடவை ஸ்கேன் எடுக்கிறார்கள். இங்கிலாந்து நாட்டு ஆஸ்பத்திரிகள் 21-ல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. புற்றுநோயோ பெரிய கட்டியோ கண்டுபிடிக்கப்பட்டது, ஸ்கேன் முறையில் நூற்றுக்கு 7.3 பேருக்கு, பேரியம் முறையில் 5.6 பேருக்கு. அதன் பிறகு பேரியம் எனிமா வெகுவாகக் குறைந்துவிட்டது.

"அத்தனை பாடுபட்டுப் படிச்சதெல்லாம் வீணா?" என்று கேட்டேன்.

"எப்படி அண்ணி வீணாகும்? இப்போ சி.டி. ஸ்கேன்ல குழாய் வைக்கறதும், வாயு விடறதும், படம் சரியா வந்திருக்கான்னு பார்க்கறதும் நாங்கதான். மறுபடி பாடம், மறுபடி நோட்டு, மறுபடி கையெழுத்து. மெஷின் மாறிடுச்சு. மேஜை மேல படுத்திருக்கிற ஆளு மாறலையே!" என்றாள்.

நம் நாட்டில் பொதுவாக இந்தப் பரிசோதனைகளை ரேடியாலஜிஸ்ட் டாக்டர்தான் செய்கிறார், டெக்னீஷியன் உதவுகிறார். கொலோனாஸ்கோப்பியும் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் வேலைக்கு நம் தமிழ்நாட்டிலேயே டிப்ளமோவும் பி.எஸ்ஸி.யும் இருக்கின்றன. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், டாக்டர், நர்ஸ் தவிர்த்த மற்ற மருத்துவப் பணியாளர்களின் படிப்புக்கும் பதிவுக்கும் ஒழுங்குமுறை வகுக்கிறது. இமேஜிங் டெக்னாலஜி படித்தவர்களும் அதில் அடக்கம். உங்கள் பெண்ணோ பிள்ளையோ பிளஸ் டூ முடித்து என்ன படிப்பது என்று யோசித்தால் இதையும் விசாரித்துப் பாருங்கள். முக்கியமாகப் பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு

இது வயதானவர்கள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பச்சைக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படுவது உண்டு.

பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் கறுப்பாக முதல் மலம் போக வேண்டும். போகாமல் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கின்றன. அந்தச் சந்தேகம் வந்தால் இதே மாதிரி மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். அதற்கு முன் குடலைக் கழுவக் கூடாது. ஆகவே நீங்களாக எனிமாவோ சோப்புத் துண்டோ வைக்காதீர்கள்.

இன்னொன்று, குடலுக்குள் குடல் செருகிக் கொள்வது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும். விட்டு விட்டுக் காலை மடக்கிக் கொண்டு வீறிட்டு அழும், வாந்தி எடுக்கும், சளியும் ரத்தமுமாக மலம் போகும். உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் போனால், ஆசனவாய் வழியே காற்றோ திரவமோ செலுத்தி, கத்தி வைக்காமலே பல குழந்தைகளுக்குச் சரி செய்துவிடுகிறார்கள்.

கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்

குடல் பரிசோதனைக்கு உங்களையோ வீட்டுப் பெரியவர்களையோ அனுப்பினால், நாத்தனார் சொன்ன இந்த விஷயங்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பத்தியமும் பேதி மருந்தும் எப்படி என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மெஷினும் பிரயோசனமில்லை.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தாலும், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கண் அழுத்த நோய், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு எது இருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

"பரிசோதனையை யார் செய்வார்கள்? கூட ஒரு பெண் இருப்பாரா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பேரியம் எடுத்திருந்தால் இரண்டொரு நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். வயிற்று வலி நிற்காமல் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மலத்தில் ரத்தம், பல வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் இளைப்பது, சோகை, இதில் எது இருந்தாலும் "மூலம்தான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கருணைக்கிழங்கு நல்ல கிழங்குதான். ஆனால் அதற்கு உள்ளே பார்க்கத் தெரியாது!

முதல் தடவை அத்தையைக் கத்தின அந்தப் பையனை நான் இப்போதும் நினைத்துக் கொள்வது உண்டு. அவனுக்கும் ஒருவர் தோளருகில் நின்று சொல்லிக் கொடுத்திருந்தால், அவன் கையும் நல்ல கையாக ஆகியிருக்கும். வாயும் நல்ல வாயாக ஆகியிருக்கும். இன்று வீட்டில் யாருக்கு எந்த ஸ்கேன் என்றாலும், "எந்த மெஷின்?" என்று என் வீட்டுக்காரர் விசாரிப்பார். "யார் எடுக்கறாங்க, அவங்க எங்கே கத்துக்கிட்டாங்க?" என்று விசாரிப்பது என் அத்தை!